தெரிந்ததற்கு ‘இல்லை’, தெரியாததற்கு ‘ஆம்’

தீவகத்துப் பிள்ளைகளுக்கு அரச உத்தியோகத்தைத் தவிர வேறெதிலும் நாட்டம் இல்லை என்ற பேச்சு யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக உண்டு. முன்பு அதை வாயால் சொன்னார்கள். இப்போது தாளில் காட்டுகிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு வந்த புது மாணவர்களுக்கும், தொழில்நுட்பக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கும், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பவர்களுக்கும் தொழில் ஆர்வத்தையும் திறனையும் அளக்கும் வினாத்தாள் ஒன்று கொடுக்கப்படுகிறது. ஒரு மணித்தியாலத்துக்குள் நிரப்பிக் கொடுத்தால் போதும். எந்தவகை வேலை பொருந்தும் என்பதைக் குறிக்கும் இரண்டு மூன்று எழுத்துகள் விடையாக வரும். நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறைப் பிள்ளைகளுடைய தாள்களில் நான் கண்டவை பெரும்பாலும் ஒரே எழுத்துகள். பிறருக்கு உதவும் வேலை, ஒழுங்காகக் கோப்புப் பேணும் வேலை. ஆகவே ஆசிரியர், எழுதுவினைஞர், அபிவிருத்தி உத்தியோகத்தர். “பாருங்கள், இது நாங்கள் சொல்வதில்லை, அவர்களே நிரப்பியது. அவர்களுடைய இயல்பே இதுதான்” என்கிறார்கள்.

இதை நான் மறுக்கிறேன். அந்தத் தாளை நானும் ஒருகாலம் நிரப்பினேன். இன்று தீவகத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்துக்கொண்டு, என்னிடம் படித்தவர்கள் அதே தாளோடு வந்து “மிஸ், எனக்கு இதுதான் வந்திருக்கு” என்று காட்டுவதைப் பார்க்கிறேன்.

நான் நிரப்பியது கம்பஸ் முதல் வருடத்தில். பெரிய மண்டபம், நூறு பேருக்கு மேல். ஒவ்வொரு வேலையாகச் சொல்லி, விருப்பமா, விருப்பமில்லையா, தெரியாதா என்று கேட்டிருந்தது. பழுதான இயந்திரம் திருத்துவது என்று ஒன்று. எனக்கு எங்கள் வீட்டுத் திண்ணை ஞாபகத்துக்கு வந்தது. அப்பாவின் வெளியிணைப்பு எஞ்சின் திண்ணைக்கு வந்துவிட்டால் அவர் அன்று கடலுக்குப் போகவில்லை என்று அர்த்தம். கடைக் கொப்பியில் கடன் ஏறும். பிளக்கைக் கழற்றித் துடைப்பார், காபரேற்றரைக் கழுவுவார். நான் ரோச் லைற் பிடிப்பேன், கேட்கும் நம்பர்ச் சாவியை எடுத்துக் கொடுப்பேன். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் சத்தத்தை வைத்தே பிழை பிளக்கிலா, எண்ணெய்க் கலவையிலா என்று எனக்குச் சொல்ல முடிந்தது. அந்தக் கேள்விக்கு நான் ‘விருப்பமில்லை’ என்று புள்ளடி போட்டேன். அடுத்தது, ஆய்வுகூடத்தில் புதிய மருந்து கண்டுபிடிப்பது. அப்படியொரு ஆய்வுகூடத்தின் வாசலையே நான் கண்டதில்லை. ‘விருப்பம்’ என்று போட்டேன். திறந்த வெளியில் உடல் உழைப்போடு செய்யும் வேலை? இல்லை. கோப்புகளை வகைப்படுத்தி வைப்பது? ஆம், பிரதேச செயலகத்தில் மின்விசிறி இருந்தது, நிழல் இருந்தது. பிறருக்குக் கற்பிப்பது? ஆம், மாதம் முடியச் சம்பளம் எடுப்பவர்கள் என்று நான் நெருங்கிக் கண்டவர்கள் காலைப் படகில் வந்து பின்னேரப் படகில் போன ஆசிரியர்கள்தான்.

தெரிந்ததற்கெல்லாம் இல்லை என்றேன். தெரியாததற்கெல்லாம் ஆம் என்றேன். தாளுக்கு இந்த வேறுபாடு தெரியாது. ஒரு வேலையை நன்றாக அறிந்து அதன் வறுமையை வெறுப்பவளுடைய ‘இல்லை’யும், அந்த வேலையில் ஈடுபாடே இல்லாதவளுடைய ‘இல்லை’யும் அங்கே ஒரே புள்ளடி. எனக்கு எஞ்சின் மீது வெறுப்பு இருக்கவில்லை. கடன் கொப்பி மீதுதான் இருந்தது.

திறன் பகுதி இதைவிட மோசம். கணக்கு வழக்குப் பேணுவதில் உங்களை எத்தனையாவது இடத்தில் வைப்பீர்கள் என்று கேட்டார்கள். அடியில் வைத்தேன். அம்மா பிடித்த இருபது பேர்ச் சீட்டுக்குப் பதினான்கு வயதிலிருந்து கணக்கு எழுதியவள் நான். ஒரு மாதமும் ஒரு ரூபா பிசகியதில்லை. ஆனால் நான் வணிகப் பிரிவில் படிக்கவில்லை. சான்றிதழ் எதுவும் இல்லை. அவசரத்தில் நிதானமாக நடப்பது? அதற்கும் நடுத்தரம். சோளகம் வீசும் மாதத்தில், ஆட்டம் போடும் படகில், சேலைன் போத்தலைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி அம்மம்மாவைக் குறிகட்டுவான் இறங்குதுறையில் கொண்டுபோய் இறக்கியது ஒரு ‘திறன்’ என்று எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை. தீவில் அது எல்லாரும் செய்வது. எல்லாரும் செய்வதை நாங்கள் திறனாக எண்ணுவதில்லை.

விடையை வீட்டில் சொன்னபோது அப்பா வலை பொத்திக்கொண்டிருந்தார். “உதைச் சொல்ல ஒரு சோதினையோ பிள்ளை? உதைத்தானே ஊரே சொல்லுது” என்றார். ஆர்வத் தேர்வுகள் பற்றி நான் பின்னாளில் படித்தவற்றில் எதுவும் இதைவிட நேராக விஷயத்தைத் தொடவில்லை.

நான் ஆசிரியர் ஆனேன். தேர்வை ஆதரிப்பவர்கள் உடனே இதைப் பிடிப்பார்கள் என்று தெரியும்: தாள் சொன்னது பலித்துவிட்டதே! எனக்கு ஆசிரியத் தொழில் பிடிக்கும். அதை விட்டுவிட வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் பலித்ததற்குக் காரணம் தாள் என் உள்ளத்தைப் படித்தது என்று சொல்ல நான் உடன்படமாட்டேன். எனக்குத் திறந்திருந்த கதவு ஒன்று. அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டுதான் நான் தாளை நிரப்பினேன். ஒரு வாசல் வைத்த வீட்டிலிருந்து ஆள் எந்த வாசலால் வருவார் என்று முன்கூட்டிச் சொல்ல விஞ்ஞானம் தேவையில்லை.

இந்தத் தேர்வுகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால், இன்று அவற்றைப் பயன்படுத்தும் விதம் அவற்றைத் தொடங்கியவருக்கே அந்நியமானது என்பது விளங்கும். 1908இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் பிராங்க் பார்சன்ஸ் என்பவர் தொழில் வழிகாட்டலுக்கென்று ஒரு பணியகம் தொடங்கினார். அவரிடம் வந்தவர்களில் பலர் புதிதாகக் குடியேறிய ஏழை வீட்டு இளைஞர்கள். அவர் இறந்த பின் 1909இல் வெளிவந்த நூலில் மூன்று காரியங்களை வற்புறுத்தியிருந்தார்: தன்னை அறிவது, தொழில்களை அறிவது, இரண்டையும் பொருத்திச் சிந்திப்பது. நாங்கள் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டோம். இரண்டாவதற்கு நாட்கள் வேண்டும், பஸ் காசு வேண்டும், தொழிற்சாலைக் கதவைத் திறந்துவிட ஆள் வேண்டும். முதலாவதற்குப் போட்டோப் பிரதி போதும்.

1927இல் எட்வர்ட் ஸ்ட்ரோங் என்ற உளவியலாளர் தொழில் ஆர்வப் படிவம் ஒன்றை வெளியிட்டார். உலகத்தில் மிக நீண்டகாலம் பாவனையில் இருந்துவரும் ஆர்வத் தேர்வு அதுதான். முதலில் ஆண்களுக்கு, 1933இல் பெண்களுக்கென்று தனிப் படிவம். ஆணுக்கு நீலம், பெண்ணுக்கு இளஞ்சிவப்பு. பெண்களின் படிவம் ஒப்பிட்டுப் பார்த்த தொழில்களின் பட்டியலே வேறு. இல்லத்தரசி என்பதும் அதில் ஓர் அளவுகோல். நாற்பது ஆண்டுகளாகப் பெண்கள் அந்த இளஞ்சிவப்புத் தாளை நிரப்பினார்கள். அதில் இல்லாத தொழில் அவர்களுக்கு விடையாக வரவேயில்லை. வராததைப் பெண்களுக்கு ஆர்வமில்லை என்று விளங்கிக்கொள்வது எவ்வளவு இலகுவாக இருந்திருக்கும்! 1974இல்தான் இரண்டும் ஒன்றாக்கப்பட்டன. தீவகத்துப் பிள்ளையின் கையில் இன்று கொடுக்கப்படும் தாளுக்கு நிறம் கிடையாது. ஆனால் அதுவும் யாரோ ஒருவருடைய உலகத்திலிருந்து எடுத்த பட்டியல்தான். ஜோன் ஹொலண்ட் 1959இல் முன்வைத்த ஆறுவகைப் பகுப்பும், அதைப் பின்பற்றி அமெரிக்கத் தொழில் திணைக்களம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் 60 கேள்விப் படிவமும் அந்த நாட்டுத் தொழில்களை வைத்துக் கட்டப்பட்டவை. சமையலறை அலுமாரி செய்யப் பிடிக்குமா, பங்குகளை வாங்கி விற்கப் பிடிக்குமா என்று அங்கே கேட்பதில் பிழையில்லை. அதையே மொழிபெயர்த்து நயினாதீவில் கேட்டுவிட்டு, பிள்ளைக்குப் பங்குச் சந்தையில் ஆர்வம் குறைவு என்று குறித்து வைப்பதுதான் பிழை. மீன் பிடிக்கும் களங்கண்ணிக்கு எந்த இடத்தில் தடி நாட்டுவது, கொண்டல் எப்போது வாடையாகத் திரும்பும், பனங்கட்டிப் பாகு எந்தப் பதத்தில் இறக்குவது, திருவிழா நாட்களில் அம்மன் கோயிலுக்கும் விகாரைக்கும் வந்திறங்கும் சனத்துக்கு எத்தனை பேர்ச் சாப்பாடு கட்டுப்படியாகும், இவற்றில் ஒன்றைக்கூட அந்தத் தாள் கேட்பதில்லை. கேளாத கேள்விக்கு ஆர்வம் பதிவாகாது.

இன்னொன்று, இதைவிட அடிப்படையானது. பல்கலைக்கழகத்தில் வைத்து ஆர்வத்தை அளக்கிறோம் என்கிறார்கள். அதற்கு மூன்று நான்கு வருடம் முன்பே, சாதாரண தரம் முடித்த கையோடு, பிள்ளையின் பிரிவு முடிவாகிவிடுகிறது. நான் படித்த பள்ளிக்கூடத்தில் உயர்தரத்துக்கு விஞ்ஞானம் இருக்கவில்லை. வேண்டுமென்றால் பட்டணத்துக்கு வரவேண்டும். நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நாளாந்தம் போய்வந்து படிக்க முடியாது. ஒரு மணித்தியாலக் கடல், பிறகு குறிகட்டுவானிலிருந்து புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் என்று பஸ். காற்று எழுந்தால் படகே இல்லை. ஆகவே சொந்தக்காரர் வீடு, அல்லது விடுதி. இரண்டும் இல்லாதவர் கலைப் பிரிவு. எனக்கு எதில் ஆர்வம் என்ற கேள்வியைப் பதினாறு வயதில் படகுச் சேவை கேட்டு, தானே பதிலும் எழுதிவிட்டது. கலைப் பீடத்துக்குள் வந்து சேர்ந்த பின் ஒருவர் தாளை நீட்டி, எனக்கு விஞ்ஞானத்தில் நாட்டம் குறைவு என்று கண்டுபிடித்தார்.

பல்கலைக்கழக அனுமதிக்கு மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, இடங்களில் 55 வீதம் மாவட்ட அடிப்படையில் பகிரப்படுகிறது. ஆனால் நெடுந்தீவும் யாழ்ப்பாண மாவட்டம்தான். கடலைக் கடந்து வரும் பிள்ளையும், பட்டணத்து முன்னணிக் கல்லூரியில் படித்துப் பின்னேரம் இரண்டு தனியார் வகுப்புக்குச் சைக்கிளில் போய்வரும் பிள்ளையும் ஒரே மாவட்டக் கணக்கில், ஒரே வெட்டுப்புள்ளிக்கு முன் நிற்கிறார்கள். ஒதுக்கீட்டின் கணக்கில் கடல் இல்லை. ஆர்வத் தாளிலும் கடல் இல்லை.

ஆர்வம் என்பது உள்ளே விதையாகக் கிடக்கும், தேர்வு அதைத் தோண்டி எடுக்கும் என்ற நம்பிக்கையை அசைக்க எங்கள் தீவகத்திலேயே ஒருவர் இருக்கிறார். 1913இல் ஊர்காவற்றுறைக்குப் பக்கத்தில் கரம்பொன்னில் பிறந்தவர் தனிநாயகம் அடிகள். ஊர்காவற்றுறையிலும் யாழ்ப்பாணத்திலும் படித்து, கொழும்பிலும் உரோமிலும் குருத்துவக் கல்வி பெற்றுக் குருவானவர். அதுவரை அவருடைய பாதையில் தமிழ் ஆராய்ச்சி இல்லை. 1940களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுத் திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளத்துப் பாடசாலைக்குப் பணிக்குப் போனார். அங்கேதான், முப்பதை நெருங்கும் வயதில், தமிழை முறையாகக் கற்கத் தொடங்கினார். அதன் பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1952இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ ஆங்கிலக் காலாண்டிதழ், 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம், 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு. இருபது வயதுக் குருமடத்து மாணவனிடம் ஓர் ஆர்வத் தாளை நீட்டியிருந்தால் இதில் எது வந்திருக்கும்? ஓர் ஊருக்குப் போனார், ஒரு தேவை வந்தது, சொல்லித் தர ஆள் கிடைத்தார், ஆர்வம் பிறந்தது. அது முதலில் வந்து மற்றவை பின்னால் வரவில்லை.

தனி ஒருவரை வைத்து வாதாடுகிறேன் என்று சொல்லக்கூடும். சரி, எதிர்ப்பக்கத்தின் வலுவான வாதத்துக்கே வருகிறேன். தொழில் ஆர்வங்கள் பதின்ம வயதிலிருந்து நடுவயதுவரை வியக்கத்தக்க அளவுக்கு மாறாமல் நிற்கின்றன, பல்கலைக்கழக வயதில் நன்கு உறுதிப்படுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆர்வத்துக்கு இசைவான படிப்பில் சேர்ந்தவர் அதில் நிலைத்து நிற்பதும் அதிகம். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் மாறாமல் நிற்பது என்றால் என்ன? ஒருவருடைய சூழல் மாறாதவரை அவருடைய விருப்பங்களும் மாறாதிருக்கலாம். எங்கள் தீவில் ஐம்பது வருடமாகச் சிலருக்கு மின்சாரத்தில் ஆர்வம் இல்லாமல் போனதற்கு அவர்களுடைய மனம் காரணமா, கம்பி வராதது காரணமா என்பதை அந்த ஆய்வுகள் பிரித்துச் சொல்லாது. 1981இல் லிண்டா கொட்பிரட்சன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் முன்வைத்த கருத்து எனக்கு இதைவிடப் பொருந்தி வருகிறது: பிள்ளைகள் விரும்பியதைத் தேர்ந்தெடுப்பதற்கு வெகுகாலம் முன்பே, தங்களுக்கு ஆகாது என்று தொழில்களை ஒவ்வொன்றாகக் கழித்துவிடுகிறார்கள். இது ஆம்பிளை வேலை, இது எங்கள் ஆட்களுக்குக் கிடைக்காது, இது கௌரவக் குறைவு. பதினைந்து வயதுக்குள் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. தேர்வுத் தாள் மிஞ்சியதை எண்ணுகிறது. கழித்தது யார் என்று கேட்பதில்லை.

வீட்டில் டொக்டர், எஞ்சினியர் என்று நெருக்கும் பெற்றோரிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்றத் தாள் உதவுமே என்று என் சக ஆசிரியர் ஒருவர் வாதாடினார். பட்டணத்து வீடுகளில் உதவலாம். எங்கள் பக்கத்தில் பெற்றோர் அப்படி நெருக்குவது குறைவு. இங்கே நெருக்குவது வேறு. 1990களின் தொடக்கத்தில் தீவகத்துச் சனம் பெருமளவில் இடம்பெயர்ந்தது. பலர் திரும்பவில்லை. கனடாவிலும் பிரான்சிலும் இருக்கும் சொந்தக்காரர் ஒருபக்கம், பூட்டிக் கிடக்கும் வீடுகள் மறுபக்கம். இங்கே நிற்பதென்றால் உத்தியோகம் வேண்டும், இல்லாவிட்டால் வெளிநாடு. 2017இல் யாழ்ப்பாணத்தில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்காகத் தெருவில் இருந்து போராடினார்கள். அவர்களை உத்தியோக மோகம் பிடித்தவர்கள் என்று ஏளனம் செய்ததைக் கேட்டு எனக்கு மனம் கொதித்தது. தனியார் துறை மெலிந்து கிடக்கும் மண்ணில், நோய்க்கும் முதுமைக்கும் ஓய்வூதியம் ஒன்றே காவல் என்று கண்டறிந்தவர்கள் அந்தப் பிள்ளைகள். அது கணக்குப் போட்டு எடுத்த முடிவு. அதை மன இயல்பு என்று எழுதிவைப்பது அவர்களுடைய அறிவை அவமதிப்பது.

இதே தீவகத்து ஆட்கள்தான் புங்குடுதீவிலிருந்தும் நயினாதீவிலிருந்தும் போய்க் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்து நின்றவர்கள். சிங்களம் கற்றார்கள், கடனுக்குச் சாமான் எடுத்து நாணயம் காத்தார்கள், ஊர்ப் பெடியன்களைக் கூப்பிட்டுக் கல்லாவில் இருத்திப் பழக்கினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளையின் தாளில் ‘தொழில்முனைவு’ ஆகக் குறைந்த புள்ளி. இரத்தம் மாறிவிட்டதா? கூப்பிட்டு இருத்திய கடை இல்லாமற் போனது. அவ்வளவுதான்.

இப்போது புதிதாக ஒன்று வருகிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் காற்று, சூரிய ஒளி, மின்கலம் சேர்ந்த கலப்பு மின் திட்டம். இந்தியாவின் நன்கொடை ஏறத்தாழ 11 மில்லியன் டொலர், 2024 மார்ச்சில் ஒப்பந்தம். காற்றாலையும் சூரியத் தகடும் உப்புக் காற்றில் நிற்கப் போகின்றன. கறள் எங்கே முதலில் பிடிக்கும், எந்தப் பூட்டாணி முதலில் இறுகும் என்பதை வள்ளத்தோடு வளர்ந்த பிள்ளைக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவற்றைப் பராமரிக்க யார் வருவார்கள்? எங்கள் பிள்ளைகளுடைய தாளில் இயந்திர ஆர்வம் குறைவு என்று எழுதியிருப்பதால், படகில் வெளியாள் வந்து போவாரா?

வழி இல்லாமல் இல்லை. இந்த நாட்டில் தேசிய தொழில் தகைமை என்று ஏழு மட்டம் உண்டு. வகுப்பில் இருந்து படிக்காமல், வேலை செய்தே கற்றவருடைய திறனை மதிப்பிட்டுச் சான்றிதழ் கொடுக்கும் ஏற்பாடும் அதற்குள் இருக்கிறது. என் அப்பாவைப் போன்ற ஒருவர் ஒருநாளும் அதைக் கேள்விப்படவில்லை. பல்கலைக்கழக மாணவர்களும் அதைத் தங்களுக்குரியதாக நினைப்பதில்லை. அது படிப்பு வராதவர்களுக்கு என்ற எண்ணம். வழிகாட்டல் செய்பவர்கள் முதலில் உடைக்க வேண்டியது இந்த எண்ணத்தை. பட்டமும் எடுத்து, எஞ்சின் திருத்தும் தகைமையும் எடுத்த ஒரு பெண் நெடுந்தீவில் இருந்தால் என்ன குறை?

தாளை எரிக்கச் சொல்லவில்லை. போன தவணை நான் ஒரு மாற்றம் செய்து பார்த்தேன். தாள் கொடுக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும், முதல் நாள் உயர்தர வகுப்பில், கடந்த ஏழு நாளும் எழும்பியதிலிருந்து படுக்கும்வரை கையால் செய்த வேலை எல்லாவற்றையும் எழுதச் சொன்னேன். முதலில் இரண்டு வரி வந்தது: படித்தேன், அம்மாவுக்கு உதவினேன். என்ன உதவி என்று கேட்டேன். அதன் பிறகு நிரம்பத் தொடங்கியது. நண்டு வலை கழித்தது. தம்பிக்கு இன்சுலின் போட்டது. சூரியத் தகட்டு வயரை எலி கடித்ததற்கு மறு இணைப்புக் கொடுத்தது. தண்ணீர் பவுசர் வரும் நாளில் தெருவில் வரிசை ஒழுங்கு செய்தது. பிரான்சிலிருக்கும் மாமாவின் காணி வழக்குக்குக் கடிதம் எழுதியது. ஒரு பெடியன் கேட்டான், “மிஸ், உழவு மெசின் ஓடத் தெரியும், லைசென்ஸ் இல்லை, எழுதலாமோ?” எழுதச் சொன்னேன். அடுத்த நாள் ஆர்வத் தாளில் அவர்கள் போட்ட புள்ளடிகள் என் காலத்துப் புள்ளடிகளைப் போல இருக்கவில்லை. எழுத்துகள் சிதறி வந்தன. வந்தவருக்கு அதை எப்படி வாசிப்பதென்று தெரியவில்லை. நேரமும் இல்லை, பின்னேரப் படகைப் பிடிக்க வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தாளோடு வருபவர்கள் பின்னேரப் படகில் திரும்புவதாக வரவேண்டாம். இரண்டு நாள் நில்லுங்கள். முதல் நாள் விடியப்புறம் பிள்ளைகளோடு களங்கண்ணிக்குப் போங்கள், மின் நிலையத்துக்குப் போங்கள், மருத்துவமனையில் ஒரு மணித்தியாலம் இருங்கள். திரும்பிப் போகும்போது உங்களோடு பத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய், அவர்கள் கண்ணால் காணாத வேலைத்தலங்கள் நாலைந்தைக் காட்டி அனுப்புங்கள். தாளை அதற்குப் பிறகு கொடுங்கள். நெடுந்தீவில் இரவு தங்கவும் சாப்பிடவும் நாங்கள் ஒழுங்கு செய்து தருகிறோம். சோளகம் முடிந்து கடல் ஆறும் மாதங்களில் வாருங்கள்.